முடிச்சு அவிழாத காலுறை

ஓட்டுநர் இருக்கைக்கு அடியில், காலுறைக்குள் சுற்றி வைத்திருந்ததை வெர்னன் குதிகாலால் தொட்டுப் பார்த்துக்கொண்டார். இருந்தது. பூங்காவின் வாசல் கண்ணில் பட்டதும் மறுபடி ஒருமுறை தொட்டுப் பார்த்தார்.

"என்னப்பா, பேங்க்ல கொள்ளையடிச்சிட்டு வந்த மாதிரி முழிக்கிறீங்க?" என்றாள் பக்கத்தில் இருந்த மகள் லியா.

"ஒண்ணுமில்ல. நீ போய் வண்டிக்குத் தண்ணி பிடி. நான் ஆபீஸ்ல ஒரு வார்த்தை பேசிட்டு வந்துடறேன்."

பள்ளத்தாக்குகளைச் சுற்றிப் பார்க்கலாம் என்றுதான் அவளைக் கேரவனில் அழைத்து வந்திருந்தார். மூன்று நாளாகச் செம்பாறைகளுக்கு நடுவே ஓட்டம், முகாம், மறுபடி ஓட்டம். வந்த காரியம் இந்த வாசலில்தான் இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியாது.

இருபத்துமூன்று வருஷத்துக்கு முன்னால் இருவரும் இதே இடத்துக்கு வந்திருந்தார்கள். லியாவுக்கு அப்போது எட்டு வயது. மரங்கள் கல்லாய் இறுகிக் கிடக்கும் பாலைவனம் இது, ஒரு துணுக்கைக்கூட எடுக்கக் கூடாது. வெர்னன் எடுத்தார். காலுறைக்குள் போட்டு முடிச்சுப் போட்டார். வெளியேறும்போது காவலர் கேட்டதற்கு, "நாங்க எதையும் தொடலையே" என்று கூசாமல் சொன்னார். பொய் சொன்ன பிள்ளைகளை முப்பது வருஷம் வகுப்புக்கு வெளியே நிற்க வைத்த தலைமையாசிரியர்!

அன்றைக்கு அவரிடம் திட்டு வாங்கியது லியாதான். காலையில் நெடுஞ்சாலைக் கடையில் அடம்பிடித்து வாங்கிய பளபளப்புக் கல்லைச் சாயங்காலத்துக்குள் தொலைத்துவிட்டாள். "ஒரு பொருளைப் பத்திரமா வெச்சுக்கத் தெரியாதா?" என்று வீடு வரைக்கும் கத்திக்கொண்டே வந்தார். அவள் வாயே திறக்கவில்லை.

அந்த முடிச்சை அதற்குப்பிறகு அவர் அவிழ்க்கவே இல்லை, மனசு கூசியது. போன மாதம் அவருடைய ஓய்வு விருந்தில், "கறை படியாத மனுஷர்" என்று ஊரே புகழ்ந்தது. லியாவும் சேர்ந்து கை தட்டினாள். வெர்னனுக்குத் தலை நிமிரவில்லை.

ஆபீஸில் யாஸி என்ற பெண் ரேஞ்சர் இருந்தாள். வெர்னன் காலுறையை மேஜைமேல் வைத்தார்.

"திருடினது மேடம். திருடினவன் நான்தான்." குரலைத் தாழ்த்தினார். "என் பொண்ணுக்குத் தெரியாது. தெரியவே வேணாம்."

"வாரம் நாலு பார்சல் வருது சார், மன்னிப்புக் கடுதாசியோட. எங்கேருந்து எடுத்ததுன்னு தெரியாம திருப்பி வெக்க முடியாதில்ல, பின்னாடி குவிச்சு வெச்சிருக்கோம். நீங்க நேர்லயே வந்துட்டீங்களே" என்றபடி அவள் முடிச்சை அவிழ்த்தாள். கல்லை உருட்டிப் பார்த்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இது எங்க கல்லே இல்ல சார். மெஷின்ல மெருகு போட்டது. அடியில கடை ஸ்டிக்கர்கூட இருக்கு, பாருங்க."

"இருக்காதே! அந்த நீலக் குன்று கிட்ட நானே குனிஞ்சு எடுத்தேனே!"

"அதை அந்தக் குன்று கிட்டயே திருப்பி வெச்சாச்சு."

குரல் வாசலிலிருந்து வந்தது. லியா ஈரக் கையைப் பேன்ட்டில் துடைத்தபடி நின்றிருந்தாள். "அன்னிக்கே, நீங்க பாத்ரூம் போயிருந்தப்ப வெச்சேன். காலுறை காலியா இருந்தா கண்டுபிடிச்சிடுவீங்கன்னு, உள்ள வேற ஒண்ணைப் போட்டுக் கட்டிட்டேன்."

வெர்னன் மேஜைமேல் இருந்த கல்லையே பார்த்தார். மகளைப் பார்க்க முகம் இல்லை.

"வேற ஒண்ணா... எதும்மா?"

"நான் தொலைச்ச கல்லுப்பா."