ஒரு சிரட்டை நெருப்பு

றோலண்ட் மாஸ்டர் என் வாசலில் நின்றார். தோளில் என் கம்பளி, ஒரு கையில் என் லாந்தர், மறு கையில் என் கொழுந்துக் கூடை. கூடைக்குள் ஒரு தேங்காய்ச் சிரட்டை.

எல்லாம் நாடகத்துக்கு இரவல் போனவை. சிரட்டை மட்டும் என்னுடையதில்லை. நாடகத்தில் வந்ததாக இருக்கும்.

நான் அடுப்பு முன்னால் உட்கார்ந்தபடியே இருந்தேன். உள்ளே வரச் சொல்லவில்லை. கோபமாக இருக்கிறேனாம்.

காரணத்தைச் சொல்கிறேன். சொல்லாமல் இருக்க எனக்கு எப்போது தெரிந்தது?

மாஸ்டர் டயகமப் பக்கத்து ஆள். எங்கள் ராகலைத் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு வந்து ஒரு வருஷம். பள்ளிக்கூடத்தை ஒட்டிய ஒற்றை அறையில் இருப்பு. துணைக்கு ஒரு தடித்த இங்கிலீஷ் நாவல். அமெரிக்காவின் தெற்குப் பக்கம், வெயில் கொளுத்தும் ஒரு ஊரில், தனியாகக் கிடந்து தவிக்கிறவர்களின் கதையாம்.

தண்ணீர் பிடிக்கிற பீலியில் அவர் இதைச் சொன்னபோது முதலில் சிரித்தவள் நான்தான். லயத்து வரிசை வீடுகளில் ஒரு காம்பிராவுக்குள் எட்டுப் பேர் படுக்கிறோம். எங்களிடம் வந்து தனிமையாம்.

என் காம்பிராவில் நான் ஒருத்திதான். அது வேறு விஷயம்.

அதோடு விட்டேனா? மாஸ்டர் சரியான கஞ்சர், ஒரு தீக்குச்சியை மிச்சம் பிடிக்கச் சிரட்டையோடு வீடு வீடாக நெருப்புக் கேட்டு அலைகிறார் என்றும் பரப்பி வைத்தேன். நானும் சிரட்டை தூக்குகிறவள்தான். பிறர் நம்மைச் சொல்வதற்குள் நாம் ஒருவரைச் சொல்லிவிட வேண்டாமா?

அதனாலோ என்னவோ, நெருப்புக் கேட்டு என் வாசலுக்கு மட்டும் அவர் வந்ததே இல்லை.

பிறகு அந்த நாவலை நாடகமாக்கினார். வெயில் ஊரை மழைத் தோட்டமாக மாற்றினார். இரவல் கேட்டு என்னிடம் வந்தார். நோட்டன் பிரிட்ஜில் எடுக்கிற கரண்ட் எங்கெங்கோ போகிறதாம், எங்களுக்கு லாந்தர்தான். அதையும் பெருமையில் தூக்கிக் கொடுத்தேன். அன்றிலிருந்து இருட்டில்தான் சோறு பொங்கினேன்.

சனிக்கிழமை சாயங்காலம் நாடகம். முன்வரிசையில் நான்.

எங்கள் லயத்து அழகன் மீசையை வழித்துக்கொண்டு பெண் வேஷத்தில் வந்தான். ஒரு தனிக்கட்டை அக்கா. சிரட்டையோடு ஒரு வீட்டுக்குப் போய் நெருப்புக் கேட்கிறாள். வாங்கிக்கொண்டு அரைமணி நேரம் ஊர்க்கதை பேசுகிறாள். கங்கு சாம்பலாகிவிடுகிறது. அடுத்த வீட்டுக்குப் போகிறாள்.

விழுந்து விழுந்து சிரித்தேன். பக்கத்தில் அடுத்த காம்பிரா நாகலெட்சுமி மேடையைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் உறைத்தது, அந்த அக்கா போர்த்தியிருப்பது யாருடைய கம்பளி என்று.

கடைசியில் அழகன் குனிந்தான். மடியிலிருந்து ஒரு தீப்பெட்டி விழுந்தது.

பள்ளிக்கூடமே சிரித்தது.

என் கை தானாக என் மடியைத் தொட்டது. தீப்பெட்டி அங்கேதான் இருந்தது. எத்தனையோ வருஷமாக யாருக்கும் தெரியாத சங்கதி. தோட்டத்து இரகசியம் அத்தனையும் என்னிடம் இருக்க, என் ஒரே இரகசியம் எப்படி வெளியே போனது?

மூன்று நாளாக நான் எந்த வாசலையும் மிதிக்கவில்லை. இனி எந்த முகத்தோடு சிரட்டையைத் தூக்குவது? பேசாமலே கிடந்து சாக வேண்டியதுதான்.

அதனால் வாசலில் நின்றவரிடம் கேட்டுவிட்டேன்.

“தீப்பெட்டி அந்தப் புத்தகத்துல இருக்குங்களா மாஸ்டர், இல்ல என் மடிய எட்டிப் பாத்தீங்களா?”

அவர் லாந்தரைக் கீழே வைத்தார். கம்பளியை மடித்து வைத்தார். புத்தகத்தில் வருகிறவள் சீனி கேட்டுத்தான் போவாளாம், வீட்டில் டின் நிறையச் சீனியை வைத்துக்கொண்டு. நெருப்பும் தீப்பெட்டியும் அவர் போட்டவையாம். ஆனால் சத்தியமாக என்னை நினைத்து எழுதவில்லையாம்.

பின்னே யாரை நினைத்து என்று கேட்டேன். இந்தத் தோட்டத்தில் அப்படி இன்னொருத்தி இருந்தால் எனக்குத் தெரியாமல் போகுமா?

மாஸ்டர் குனிந்து கூடைக்குள்ளிருந்த சிரட்டையை எடுத்தார். அடி கருகிய, பழகிய சிரட்டை. இரண்டு கையாலும் என் பக்கம் நீட்டினார்.

“கொஞ்சம் நெருப்புக் குடுங்கக்கா. அடுப்பு பத்த வைக்கணும்.”

அவர் குனிந்தபோதே சட்டைப்பைக்குள் குச்சிகள் குலுங்கின.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். அதை அடக்கத்தான் என் தீப்பெட்டிக்குள் கொஞ்சம் பஞ்சு வைத்திருக்கிறேன்.

பலகையை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன். அவர் டயகமவைப் பற்றிச் சொன்னார். நான் மற்ற எல்லாரைப் பற்றியும் சொன்னேன். இரண்டு தடவை கங்கு சாம்பலானது. இரண்டு தடவையும் புதிதாக எடுத்துப் போட்டேன்.

அவர் எழுந்தபோது, தலையணை ஓரத்தில் கொஞ்சம் பஞ்சைப் பிய்த்துக் கையில் கொடுத்தேன்.

எதற்கென்று அவர் கேட்கவில்லை.