செவ்வாய்க்கிழமைத் தேங்காய்

"தேங்கா விழுந்துச்சுன்னு சொல்லிடுங்க. ஒண்ணு ரெண்டு இல்ல, ஒரு குலையே விழுந்துச்சுன்னு சொல்லுங்க" என்றாள் மனைவி சௌம்யா.

ரகுராம் காரின் பானெட்டைத் தடவிப் பார்த்தான். பெரிய சேதம் என்று சொல்ல முடியாது. கண்ணாடி உடையவில்லை, பெயின்ட் உரியவில்லை. கூரையிலிருந்து பானெட் வரை சின்னச் சின்னக் குழிகள், அவ்வளவுதான். பணியாரச் சட்டிக்கு நாலு சக்கரம் வைத்த மாதிரி இருந்தது.

சொந்த வண்டியாக இருந்தால் எண்ணெய் ஊற்றிப் பணியாரமே சுட்டிருப்பான். இது கம்பெனி அவனுக்காக லீசுக்கு எடுத்துக் கொடுத்த கார். ஒரு கீறல் விழுந்தாலும் எங்கே, எப்போது, எப்படி என்று எழுதி, மேனேஜரின் கையெழுத்தோடு போனால்தான் லீஸ்காரர்களின் ஒர்க்‌ஷாப் கதவே திறக்கும். அந்த 'எங்கே'தான் அவன் கழுத்தைப் பிடித்தது.

பெங்களூரு மழைக்கு ஒரு கெட்ட குணம். தெருவின் இந்தப் பக்கம் குடை பிடிக்க வைக்கும், அந்தப் பக்கம் கூலிங் கிளாஸ் மாட்ட வைக்கும். செவ்வாய்க்கிழமை ஊருக்குள் ஒரு சொட்டு இல்லை; வெயிலில் தார் உருகி ஓடியது. ஆலங்கட்டி கொட்டியது ஊருக்கு வெளியே இருக்கும் அத்திபெலேயில் மட்டும்தான். நெல்லிக்காய் அளவு என்று பேப்பரில் போட்டார்கள்; நேரில் பார்த்தவர்கள் பூசணிக்காய் என்றார்கள். அந்த நேரம் ரகுராமின் கார் அத்திபெலேயில், ஒரு புதுக் கம்பெனி வாசலில், வெட்டவெளியில் நின்றது. ரகுராம் உள்ளே இன்டர்வியூவில் இருந்தான். ஆபீஸ் கணக்குப்படியோ, அவன் அன்று மர்பி டவுன் வீட்டில், வயிற்றுப்போக்கில், படுத்த படுக்கை.

புது வேலை கிடைக்குமா என்று இன்னும் தெரியாது. இந்த ரகசியம் வெளியே வந்தால் பழைய வேலை நிச்சயம் இருக்காது.

மறுநாள் முழுவதும் ஊரே அவனுக்கு எதிராக வானிலை அறிக்கை வாசித்தது. காரைப் பார்த்ததும் வாட்ச்மேன், "அத்திபெலே ஹோகித்ரா சார்?" என்றான். பால் போடும் சரசு, அத்திபெலே போய் வந்தீர்களா என்று அதையே தமிழில் கேட்டாள். நீலசந்திராவில் டிங்கரிங் ஷெட் வைத்திருக்கும் பெர்னார்ட் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"அத்திபெலே ஆலங்கட்டி. காலைலருந்து இது நாலாவது வண்டி சார்."

"இல்லப்பா, தேங்கா."

"சரி, தேங்கா. ஃப்ரிட்ஜ்ல காய்ச்ச தேங்கா." லீஸ் வண்டியில் கை வைத்தால் வம்பு என்று சொல்லி, சுத்தியலை எடுக்கவே மறுத்துவிட்டான்.

வேறு வழியில்லாமல் வியாழக்கிழமை மேனேஜர் சீனிவாசராகவனின் அறைக்குள் நுழைந்தான் ரகுராம். அந்த மனிதரிடம் பொய் சொல்லிப் பிழைத்தவர் கிடையாது. தலைவலி என்று லீவு கேட்டால் எந்தப் பக்கம் என்று கேட்பார்; மறுநாள் அதே பக்கமா என்று சரிபார்ப்பார். அன்று அவரே கடுப்பில் இருந்தார். செவ்வாய்க்கிழமை மைசூரில் மச்சினி மகளின் சீமந்தத்துக்குப் போய் வந்ததிலிருந்து அவர் கார் சர்வீசில் கிடக்கிறதாம். ஆட்டோக்காரரோடு சண்டை போட்டுவிட்டு அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தார்.

"கார்ல என்ன அடி?"

"தேங்கா விழுந்துடுச்சு சார். செவ்வாய்க்கிழமை, எங்க தெருவுல."

அவர் பேனா நின்றது. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். ஒரு துண்டுத் தாளை எடுத்து வைத்துக்கொண்டார். எச்.ஆருக்கு ரிப்போர்ட் போகப்போகிறது என்று நினைத்தான் ரகுராம்.

"எத்தன தேங்கா?"

"ஒரு குலை சார்."

"ஒரு குலைக்கு அத்தன குழி விழுமா?"

"ரெண்டு குலை சார்."

அவர் எழுதிக்கொண்டார். "அன்னிக்குக் காத்தே இல்லையே. எப்படி விழுந்துது?"

"ஆள் ஏறிப் பறிச்சான் சார்."

"கீழ கார் நிக்கறது தெரியாம?"

"அவனுக்குக் கொஞ்சம் கண்ணு சரியில்ல சார்."

சௌம்யாவை மனதுக்குள் திட்டித் தீர்த்தான். சீனிவாசராகவன் விடுவதாக இல்லை. "தேங்கா விழுந்தா ஒரே பள்ளமா உள்ள போயிடும். இது பொடிப்பொடிக் குழின்னா எவன் நம்புவான்?"

ரகுராமுக்கு எங்கிருந்தோ ஒரு சொல் வந்தது. "குரும்பை சார். பிஞ்சுக் குரும்பை. தேங்காயோட சேர்ந்து உதிர்ந்துடுச்சு."

"குரும்பை" என்று மேனேஜர் ஒருமுறை ருசித்துச் சொன்னார். அதையும் எழுதி, அடிக்கோடு போட்டார். பிறகு ரகுராமின் ஃபாரத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.

நம்ப முடியாமல் அதை எடுத்துக்கொண்டு எழுந்தான் ரகுராம்.

"உக்காரு, எங்க ஓடற?" என்றபடி டிராயரைத் திறந்து, தன் பெயர் எழுதிய இன்னொரு ஃபாரத்தை மேஜைமேல் வைத்தார் சீனிவாசராகவன். "அந்தத் தென்னமரத்துக்குக் கீழ இன்னொரு கார் நிக்க எடம் இருக்குமா பாரு. செவ்வாய்க்கிழமை இன்டர்வியூல உனக்கு அடுத்து என்னைத்தான் கூப்பிட்டாங்க."