அக்கா சொல்படி நட

அப்பா இறந்து ஒரு மாதமாகியும் அம்மா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. பரணில் கிடைத்த கடிதக் கட்டைப் பிரித்ததும் மகளுக்குக் காரணம் புரிந்துவிட்டது. அந்த வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் அவள். படிக்கப் படிக்க உடம்பெல்லாம் எரிந்தது.

"போர்முனையிலேர்ந்து எவளுக்கோ உருகி உருகி எழுதியிருக்காரும்மா! 'தங்கமே, குண்டு விழும்போதெல்லாம் உன் முகத்தைத்தான் நினைத்துக்கொள்கிறேன்'னு. யாரு அவ?"

அம்மா கட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "இது எனக்கு வந்ததுடி. நான்தான் கட்டி வச்சேன்."

"உனக்கா?"

"இதுல ஏது தங்கம்? 'நான் நலம். அக்கா சொல்படி நட. எதிர்த்துப் பேசாதே.' அவர் பட்டாளத்துல இருந்த மூணு வருஷமும் இதே பாட்டுதான். அப்பவே மனசு விட்டுப்போச்சு. திரும்பி வந்தப்புறமும் நான் முகம் கொடுக்கவே இல்ல."

மகள் அம்மாவின் கையிலிருந்த கட்டைப் பார்த்தாள். "உனக்குத்தான் படிக்கத் தெரியாதே. யாரும்மா படிச்சுக் காட்டினது?"

அம்மா கூடத்தின் பக்கம் திரும்பினாள். கூடத்தில் மின்விசிறிக்கு அடியில் சாய்ந்திருந்த அப்பாவின் அக்கா, "அங்க என்னடி சத்தம்?" என்று மூக்குக்கண்ணாடியைத் தேடினாள்.

அம்மா ஒரு கடிதத்தை உருவிக்கொண்டு போய் அவள் மடியில் போட்டாள்.

"இன்னொரு தடவை படிங்க அண்ணி. இந்தத் தடவை என் பொண்ணு பக்கத்துல நின்னு பார்ப்பா."