முப்பத்தாறு டிகிரி

எண் முப்பத்தாறை விட்டு நகரவில்லை.

டாக்டர் ஸ்ரீநிவாசராகவன் மிஷின் பெட்டியின் குமிழை இன்னும் கொஞ்சம் திருப்பினார். அம்சவல்லியின் தொடைமேல் வைத்த தட்டிலிருந்து சூடு புற்றுக்கட்டிக்குள் இறங்கி அதைக் கரைக்க வேண்டும். கட்டிக்குள் செருகிய மெல்லிய வயர், உள்ளே எத்தனை டிகிரி என்று பெட்டிக்குச் சொல்ல வேண்டும். வயர் முப்பத்தாறு என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

வோல்டேஜ் இல்லை என்றார் டாக்டர்.

1991-இல் ஸ்ரீபெரும்புதூரில் எது நடக்காவிட்டாலும் வோல்டேஜ்மேல்தான் பழி. புது ஃபேக்டரிகள் கரண்டை உறிஞ்சிவிடுகின்றனவாம். பம்புசெட் இறைக்காததற்கும் அதுதான், மாவு அரைபடாததற்கும் அதுதான். படித்தவரும் இதையே சொல்கிறாரே என்று நர்ஸ் லூர்தம்மாளுக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் வேறு காரணம் அவளுக்கும் தோன்றவில்லை.

போன வாரம் இப்படி இல்லை. நாற்பத்து மூன்றைத் தொட்டதும் மிஷின் தானாகவே தணிந்துவிட்டது. அதற்குள் ஏன் அடங்கிவிட்டது என்று அம்சவல்லி கேட்டாள். வயர் உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டே இருக்கும், அதற்குமேல் சூட்டை ஏற விடாது என்று லூர்தம்மாள் பெருமையாக விளக்கினாள்.

அம்சவல்லிக்கு அது பிடிக்கவில்லை. அவள் சேரப்பணஞ்சேரிப் பக்கம் செங்கல் சூளையில் கல் சுமப்பவள். பாதியில் நெருப்பை அணைத்தால் கல் வேகாமல் வீணாகும் என்று தெரியும். கட்டி பாதிதான் கரைந்திருந்தது. மீதியும் கரையாவிட்டால் காலை எடுப்பதைத் தவிர வழியில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒற்றைக் காலோடு சூளையில் என்ன வேலை இருக்கிறது?

டாக்டர் மறுபடி திருப்பினார். முப்பத்தாறு.

“சுடுதாம்மா? சுட்டா உடனே சொல்லணும்.”

“ஒண்ணியும் தெர்ல சார். மரத்துப் போயி கீது.”

வயர் செருகுவதற்காக மரத்துப்போக ஊசி போட்டது உண்மைதான். ஆனால் தலைக்கு மேல் ஃபேன் சுற்றியும் அவள் நெற்றியில் வியர்வை வழிந்தது. லூர்தம்மாள் துடைத்துவிட்டாள். கீழுதட்டில் பல் பதிந்திருந்தது. பாவம், பயம்போல என்று நினைத்துக்கொண்டாள்.

அறையில் ஏதோ வாசனை, ஈரத்துணியை இஸ்திரி போடுவதுபோல. போதும் சார் என்று சொல்ல வாயெடுத்த லூர்தம்மாள் பெட்டியைப் பார்த்தாள். முப்பத்தாறு. மிஷினே ஒன்றும் சொல்லாதபோது நாம் என்ன சொல்வது என்று அடக்கிக்கொண்டாள்.

டாக்டர் குமிழைக் கடைசிக் கோடுவரை திருப்பினார்.

மார்புவரை இழுத்துப் போர்த்தியிருந்த போர்வைக்குள், கட்டியிலிருந்து உருவிய வயரின் நுனியை அம்சவல்லி உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்திருந்தாள்.