பன்றி வேலி

"வேலி கரண்ட நிறுத்தினீங்களா பெரிப்பா? இன்னும் டிக் டிக்குன்னு அடிக்குதே!"

மாந்தோப்பின் நடுவே, கயிற்றுக் கட்டிலில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு கத்தினாள் யமுனா.

"அப்பவே நிறுத்திட்டேன் பாப்பா," என்றார் தோப்புக்காரர் திருவேங்கடம், கோயில் வாசலில் நிற்கிற முகத்தோடு.

பக்கத்து வேர்க்கடலைக் காட்டில் களை பறித்துக்கொண்டிருந்த அவர் மனைவி ரத்தினம்மா நிமிர்ந்தாள். "அந்த வேலியிருக்கவேதான் இந்த வாரம் ஒரு பன்னிகூட எட்டிப் பாக்கல. அதப் போய் நிறுத்தச் சொல்லிக்கினு! பட்டப்பகல்ல நச்சத்திரம் தேடுதாமே!"

"ரேடியோவுக்குப் பகலேது பெரிம்மா," என்றாள் யமுனா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

குட்டிக் குட்டிச் செயற்கைக்கோள்கள் கூட்டமாக நிலாவைச் சுற்றிப் பறந்து, வானத்தின் ரேடியோ முனகலைக் கேட்கப்போகின்றன. அத்தனை காதுகளும் கேட்டதைக் கூட்டி, இரைச்சலைக் கழித்து, நட்சத்திரத்தின் குரலை மட்டும் பிரித்தெடுக்கும் புரோகிராம் அவள் எழுதியது. மேலே போகுமுன் கார்வேட்டிநகரத்தில் ஒத்திகை. மரத்துக்கு மரம் ஏரியல். கரண்ட் இரைச்சல் ஆகாது என்பதால், திருவேங்கடம் கொடுத்த டிராக்டர் பேட்டரி. கடிகாரம் போலத் துடிக்கிற ஒரு நட்சத்திரத்தை இன்று பிடித்துக் காட்டாவிட்டால், வேறு யாருடைய புரோகிராமோதான் மேலே ஏறும்.

வம்பு என்னவென்றால், பன்றியை விரட்ட விட்டுவிட்டு ஷாக் அடிக்கும் மின்வேலியும் அதே மாதிரிதான் துடிக்கும். போன மாதம் புத்தலப்பட்டில் நடந்த ஒத்திகையில் துடிப்பு கிடைத்ததும், அவள் மேலதிகாரி விஜயராகவன் சார் திருப்பதி ஆபீஸ் முழுக்க லட்டு கொடுத்தார். அது பக்கத்துத் தோட்டத்து மின்வேலி. அன்றிலிருந்து அவர் பெயர் 'வேலி சார்'. வைத்தவர்கள் லட்டு தின்றவர்கள்தாம். அதனால்தான் இந்த முறை, சுற்றுவட்டாரத்தில் வேறு மின்வேலியே இல்லாத தோப்பாகத் தேடிப் பிடித்திருந்தாள்.

போன் அடித்தது.

"என்னம்மா, வேலியா?"

"வேலிதான் சார்."

"நிறுத்து. இல்லேன்னா மூட்டையக் கட்டிண்டு வா. இன்னொரு லட்டை என் மானம் தாங்காது."

திருவேங்கடம் மறுபடி மோட்டார் கொட்டகைக்குப் போய்த் திரும்பினார். "இப்ப சுத்தமா நிறுத்திட்டேன்."

யமுனா முதலிலிருந்து கேட்கவிட்டாள். ஒரு மணி நேரத்தில் டிக் டிக் முன்னைவிட அழகாகக் கேட்டது.

"இந்த மனுசன் சுவிட்ச தொட்டிருக்கவே மாட்டாரு," என்றாள் ரத்தினம்மா.

"நானே புடுங்கறேன்!" யமுனா கொட்டகைக்கு ஓடினாள்.

"வாணாம் பாப்பா, ஷாக் அடிக்கும்!" வேட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார் திருவேங்கடம்.

வேலிப் பெட்டியைத் திறந்தாள். பேட்டரி இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு மொட்டை ஒயர்களும், குடும்பத்தோடு ஒரு பல்லியும் இருந்தன.

"பேட்டரி எங்க பெரிப்பா?"

"மெல்லப் பேசு. அவ காதுல வுழுந்தா எனக்கு ராத்திரி சோறு இல்ல." குரலை இறக்கினார். "டிராக்டர் பேட்டரின்னு உனக்குக் குடுத்தேனே, அதான் இது. நீ வந்த நாள்லருந்து உன் பொட்டிக்குக் கீழதான் கீது."

யமுனா பல்லியைப் பார்த்தாள். பெரியவரைப் பார்த்தாள். அண்ணாந்து வானத்தைப் பார்த்தாள். பிறகு போனை எடுத்தாள்.

"சார், லட்டுக்குச் சொல்லுங்க!"