பிடிங்க, விடுங்க

"மூச்சை இழுங்க. பிடிங்க. ம்... இப்ப விடுங்க," என்றாள் மனைவி.

கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்த பஸ் டிரைவர் கன்னத்தை உப்பிக்கொண்டு அப்படியே இருந்தார். முகம் சிவந்து, கண் பிதுங்கியது. முதுகில் அவள் ஒரு தட்டு தட்டிய பிறகுதான் மூச்சு வந்தது.

"பிரேக்ல வச்ச காலை எடுக்கத் தெரியாத டிரைவரை இப்பத்தான் பாக்குறேன். விடுன்னா விடணுங்க."

"பயத்துல மறந்து போகுதுடி."

போன வருடம் குடலில் இருந்த புற்றுநோயை வெட்டி எடுத்தபோது, சனியன் ஒழிந்தது என்றுதான் இருவரும் நினைத்தார்கள். அதுவோ போகிற போக்கில் கல்லீரலில் இரண்டு விதை போட்டுவிட்டுப் போயிருந்தது. இந்தத் தடவை கத்தி வேண்டாம், தோல் வழியாக மெல்லிய ஊசியை இறக்கிக் கட்டிகளைச் சூட்டில் கருக்கிவிடலாம் என்றார் டாக்டர். முழு மயக்கம் கிடையாது. மூச்சோடு கல்லீரலும் ஏறி இறங்கும் என்பதால், ஊசி இறங்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆடாமல் அசையாமல் கிடக்க வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் குறி தப்பிவிடும்.

"நாளைக்கு நான் சொதப்பிட்டா?"

"மாட்டீங்க. அதுக்குத்தானே இந்தக் கூத்து. எங்க, இன்னொரு தடவை இழுங்க."

அவளுக்கும் உள்ளுக்குள் உதறல்தான் என்று அவருக்குத் தெரியும். அவர் மறுபடியும் மூச்சை இழுத்தார்.

மறுநாள் காலை ஸ்கேன் அறை வாசலில் டாக்டரே எதிர்ப்பட்டார்.

"என்ன, வீட்டுல பழகிப் பாத்தீங்களா?"

"காலையிலகூட ஒரு தடவை பாத்தாச்சு டாக்டர். தேறிட்டார்," என்றாள் மனைவி பெருமையாக.

டாக்டர் சிரித்துக்கொண்டே உள்ளே போனார். பச்சை அங்கியோடு நர்ஸ் வந்ததும் டிரைவர் மனைவியின் கையை இறுகப் பற்றிக்கொண்டார். அவர் விரல்களை மெல்லப் பிரித்துவிட்டு, அந்த அங்கியைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள் அவள்.

"இவரை ஒரு நாற்காலியில உட்கார வைங்க சிஸ்டர்," என்றாள். "போன தடவை டெஸ்டுக்கு ஊசி போட்டு சதை எடுத்தப்போ, உள்ள என்னை மூச்சைப் பிடிக்கச் சொன்னதைக் கேட்டு, வெளிய இவரும் பிடிச்சுக்கிட்டு நின்னு தொப்புன்னு விழுந்துட்டார். அந்தச் சத்தத்துல, இவருக்கு என்ன ஆச்சோன்னு நான் பதறி எழுந்திரிக்கப் பாத்து, ஊசியை மறுபடியும் குத்த வேண்டியதாப் போச்சு."