மூன்று தடவை அழித்த வாய்

மூன்றாவது தடவையாகவும் வாயை அழித்தாள் ஸைனம்பு.

கண் சரி. மூக்கு சரி. முக்காடு போட்ட தலைகூட மோசமில்லை. வாய் மட்டும் எப்படிக் கீறினாலும் யாரோ ஒருத்தியுடையதாகவே வந்துவிட்டது. முதலில் வந்தது மாமியின் வாய், கோபித்துக்கொண்டிருந்தது. அடுத்தது பக்கத்து வீட்டு நேசமலர் டீச்சரின் வாய். மூன்றாவது, கண்ணாடியைப் பார்த்துக் கீறிய அவளுடைய சொந்த வாய். அது ஒன்பது வயதுப் பிள்ளையின் வாயாகவே இருந்தது.

அறைச் சுவரில், அலுமாரிக்குப் பக்கத்தில், அடுப்புக் கரியால் கீறிய ஒரு பெண் அவள் உயரத்துக்கு நின்றாள்.

உலக யுத்தத்தில் கொழும்பில் குண்டு விழுந்த நாளிலிருந்து பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்காது என்பார்கள். கீறிய கை அதைவிட மோசம்.

காலையில் படத்தைக் கண்டு நெஞ்சில் கை வைத்தவள் மாமி. வாப்பாவின் அக்கா. இந்த வீட்டில் எல்லாம் அவள் சொன்னபடிதான்.

"உருவம் கீறினா மறுமையில அதுக்கு உசிர் குடு எண்டு கேப்பாங்க."

உண்மையாகவே கேட்பார்களா என்றாள் ஸைனம்பு. கேட்பார்கள் என்றாள் மாமி. நிச்சயமாகவா என்று மறுபடியும் கேட்டாள். பிள்ளை நன்றாகப் பயந்துவிட்டது என்று மாமிக்கு உள்ளுக்குள் திருப்தி. கேட்காமல் விடவே மாட்டார்கள் என்று அடித்துச் சொன்னாள். வாளியில் தண்ணீரும் ஒரு துணியும் கொண்டுவந்து வைத்தாள். வாப்பா வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வருவதற்குள் சுவர் பழையபடி வெள்ளையாக வேண்டும் என்று சொல்லிவிட்டுச் சமைக்கக் குசினிக்குப் போனாள்.

அந்தத் துணி வாயை அழிக்க மட்டும்தான் நனைந்தது.

மாமி போன பிறகுதான் ஸைனம்புவுக்கு அவசரம் பிடித்தது. வாசலுக்கு ஓடித் தெருவைப் பார்த்தாள். திரும்பி ஓடிவந்து, விட்டுப்போன காதை வைத்தாள். விரல்களை எண்ணினாள். ஒரு கையில் நாலுதான் இருந்தன. ஐந்தாவதைச் சேர்த்துவிட்டு மறுபடியும் எண்ணினாள். வளையல் போட்டாள். செருப்புப் போட்டாள். ஒன்றும் குறையக் கூடாது.

மீண்டும் வாசலுக்கு ஓடினாள்.

வாப்பாவுக்கு மருதானையில் பொத்தான் கடை. அங்கேயே தொழுதுவிட்டு, ரெயிலேறி வெள்ளவத்தையில் இறங்குவார். ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு எண்ணி ஐந்து நிமிடம்.

ரெயில் கூவியது.

வாய் இன்னும் இல்லை. பார்த்துக் கீற இனி ஆளும் இல்லை.

சுவருக்கு முன்னால் வந்து நின்று கண்ணை இறுக மூடினாள். யாருடைய முகமும் வரவில்லை. வராவிட்டால் போகட்டும் என்று கையை அதன் போக்கில் விட்டாள். கை தானாகப் போய், தானாக நின்றது.

கண்ணைத் திறந்தாள். அது மாமியின் வாய் இல்லை, டீச்சரின் வாய் இல்லை, அவளுடையதும் இல்லை. சரியாக வந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. எப்படித் தெரியும் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

வாசலிலேயே மாமி எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டாள். வாப்பா தொப்பியைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து, வாளியிலிருந்த துணியை எடுத்தார்.

ஸைனம்பு சுவரோடு முதுகை ஒட்டிக் கைகளை விரித்துக்கொண்டாள். அவர் அதட்டவில்லை. உயிர் கொடுக்கச் சொன்னால் என்ன மகள் செய்வாய் என்று மெல்லத்தான் கேட்டார்.

"அதுக்குத்தானே கீறினேன், வாப்பா. உம்மாவ நான் கண்டதே இல்லயே."

வாப்பாவின் கையில் துணி சொட்டிக்கொண்டே இருந்தது.

பெற்ற உம்மா, ஸைனம்பு பிறந்த பதினோராம் நாளே கண்மூடி மௌத்தாகிப் போனவள். படம் பிடிக்கிற வழக்கம் இல்லாத வீடு. அவளைப் பற்றிப் பிள்ளை கேட்கும்போதெல்லாம் பெரியவர்களுக்கு ஏதாவது வேலை ஞாபகம் வந்துவிடும்.

மகளை மெதுவாக விலக்கிவிட்டு, அந்த வாயை அவர் வெகு நேரம் பார்த்தார்.

அழித்தாயிற்றா என்று குசினியிலிருந்து மாமி கேட்டாள்.

பொத்தான் விற்பதில்கூடப் பொய் சொல்லாத மனிதர். "அழிச்சாச்சு," என்றார்.

துணியை வாளியில் போட்டுவிட்டு, அலுமாரியைப் பிடித்துப் படத்துக்கு முன்னால் இழுத்தார். பாதி மறைந்ததும் நிறுத்தினார். குனிந்து கீழே கிடந்த கரித்துண்டை எடுத்தார். உதட்டுக்குக் கீழே, இடது பக்கம், ஒரு புள்ளி வைத்தார்.

அந்த மச்சத்தைப் பற்றி ஸைனம்புவிடம் அதுவரை யாருமே சொல்லியிருக்கவில்லை.